எந்தச் சுற்றில் ஏறலாம்? சொந்த நகரைப் பார்க்கப் புறப்படும் முன்...

செராஸ், தாமான் மிடா நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினால் ஏழாவது நிலையம் பாசார் செனி. அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். 2017 ஜூலையில் காஜாங் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து நகர மையம் நமக்கு அடுத்த தாமான் போல் ஆகிவிட்டது. ஆனாலும், வெளியூரிலிருந்து வரும் உறவினர் "ஊரைச் சுற்றிக் காட்டு" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குக் காட்டத் தெரியும்? பேரங்காடி, திரையரங்கு, கோயில் மூன்றையும் விட்டால் நான்காவதாக எங்கே அழைத்துப் போவோம்?

எனக்குத் தெரியவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து என் சின்னம்மா மகள் பள்ளி விடுமுறைக்கு வந்தபோதுதான் அது எனக்கே புரிந்தது. ஆறாம் படிவ மாணவி. கோலாலம்பூரின் தொடக்க கால வளர்ச்சியில் இந்தியர்களின் பங்கு பற்றி வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் இடுபணி செய்ய வேண்டும் என்று குறிப்பேட்டோடு வந்திருந்தாள். நானும் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த அரைநாள் வேன் சுற்றுக்கு இருவருக்கும் பதிவு செய்தேன். பகுதி நேர வேலையில் மூன்று நாள் சம்பளம் அதற்கே போய்விட்டது.

இரட்டைக் கோபுரத்தின் முன் பதினைந்து நிமிடம். இஸ்தானா நெகாரா வாசலில் பத்து நிமிடம். தேசிய நினைவுச் சின்னம், மெர்டேக்கா சதுக்கம், படம், படம், இன்னும் ஒரு படம். பிறகு ஒரு பாத்தேக் கடை, ஒரு சாக்லெட் கடை. சாக்லெட் கடையில் மட்டும் ஐம்பது நிமிடம். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் வந்தது. "இடப்பக்கம் லிட்டில் இந்தியா" என்றார் வழிகாட்டி. வேன் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். அதில் ஒரு வரிகூட இல்லை. "அக்கா, நம்ம ஆளுங்க இந்த ஊர்ல என்னதான் செஞ்சாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வழிகாட்டி சொன்னபடிதான் நடந்துகொண்டார். முதன்முறையாக வருகிறவருக்கு நான்கு மணி நேரத்தில் நான்கு அடையாளங்களைக் காட்டுவதற்கென்றே அமைந்த சுற்று அது. வரலாற்று இடுபணிக்கு அதைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. அந்தத் தவறிலிருந்து கற்றதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் கேள்வி, பிறகு சுற்று

பெரும்பாலும் நாம் சுற்றுலாவை விலையைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ தேர்ந்தெடுக்கிறோம். அதற்கு முன் நான்கு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். யாரோடு போகிறோம்? எவ்வளவு நேரம் இருக்கிறது? எவ்வளவு செலவிட முடியும்? திரும்பி வரும்போது எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்? கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற மூன்றும் தாமே வழிக்கு வந்துவிடும்.

கோலாலம்பூரில் கிடைக்கும் சுற்றுகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

ஏறி இறங்கும் பேருந்து: நகரின் முக்கிய இடங்களை வட்டமடிக்கும் இரண்டடுக்குப் பேருந்து இது. 24 மணி நேரம் அல்லது 48 மணி நேரத்துக்கு ஒரே சீட்டு. வேண்டிய இடத்தில் இறங்கி, அடுத்து வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். பதிவு செய்யப்பட்ட குரல் விளக்கம் சொல்லும். எந்த இடம் எங்கே இருக்கிறது என்று மனத்தில் ஒரு வரைபடம் விழ இது நல்லது. தாத்தா பாட்டி, சிறு பிள்ளைகள் உடன் வந்தால் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் பதிவு செய்த குரலிடம் கேள்வி கேட்க முடியாது. மாலை நெரிசலில் ஏறினால் புக்கிட் பிந்தாங் சாலையில் முன்னால் நிற்கும் காரின் எண்பலகை மனப்பாடமாகிவிடும். காலையிலேயே ஏறிவிடுங்கள்.

வேன் அல்லது பேருந்தில் அரைநாள் சுற்று: தங்குமிடத்துக்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள். நேரம் குறைவாக உள்ள வெளியூர் விருந்தினருக்கு ஏற்றது. பதிவு செய்யும் முன் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம், கடைகளில் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நிறுத்தம்" வேறு, "கடந்து செல்லும் இடம்" வேறு. நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

வழிகாட்டியுடன் நடைச் சுற்று: இரண்டு, மூன்று கிலோமீட்டர் தூரத்தை இரண்டு, மூன்று மணி நேரத்தில் நடந்து பார்ப்பது. குறைவான இடம், நிறைய கதை. கேள்வி கேட்கலாம், நின்று பார்க்கலாம். மெர்டேக்கா சதுக்கம், கம்போங் பாரு போன்ற இடங்களில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஏற்பாட்டில் கட்டணமில்லாத நடைச் சுற்றுகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. நாளும் நேரமும் மாறக்கூடியவை. முன்கூட்டியே விசாரித்துப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். பள்ளி, கல்லூரி இடுபணிக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

ஒரே பொருளைப் பற்றிய சுற்று: உணவு, மிதிவண்டி, புகைப்படம், கட்டடக் கலை என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவது. கட்டணம் கூடுதலாக இருக்கும். ஆனால் உணவியலோ கட்டடக் கலையோ படிக்கும் உயர்கல்வி மாணவருக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

நாமே போகும் சுற்று: எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., அவற்றோடு 2012 முதல் நகருக்குள் ஓடும் கோ கே.எல். பேருந்து. இந்தப் பேருந்தில் மலேசியர்களுக்குக் கட்டணமில்லை. அடையாள அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் முன்தினம் ஒரு மணி நேரமாவது படித்துவிட்டுப் போக வேண்டும். படிக்காமல் போனால் கட்டடங்களைத்தான் பார்ப்போம், கதை தெரியாது.

வழிகாட்டியை எப்படி அறிவது?

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டி என்பது உரிமம் பெற வேண்டிய தொழில். 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிகளும் சுற்றுலா நிறுவனங்களும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்களுக்கே வழிகாட்டி உரிமம் கிடைக்கும். சமூக ஊடகத்தில் அழகான படம் போட்டுப் பணத்தை முதலில் அனுப்பச் சொல்கிறவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்கிறவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

உரிமம் இருந்தால் மட்டும் போதுமா? நல்ல வழிகாட்டியைக் கண்டுகொள்ள நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். "கோலாலம்பூரைத் தோற்றுவித்தது யார்?"

ஒரே பெயரைச் சட்டென்று சொல்லிவிட்டு நகர்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஈயம் தேடி அம்பாங் பக்கம் போனார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் நோயில் இறந்ததாக வரலாறு சொல்கிறது. சுமத்ராவைச் சேர்ந்த வணிகர் சுத்தான் புவாசாவின் பெயரைச் சொல்வோரும் உண்டு. 1868-இல் கப்பித்தான் சீனாவாகப் பொறுப்பேற்று, போரில் அழிந்த ஊரை மீண்டும் கட்டியெழுப்பியவர் யாப் ஆ லோய். இந்தப் பெயர்களை எல்லாம் சொல்லி, "ஏன் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது தெரியுமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறவர்தான் நல்ல வழிகாட்டி.

இரண்டாம் முறை நடந்தே போனோம்

அடுத்த சனிக்கிழமை நானும் தங்கையும் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை கேள்வி தெளிவாக இருந்தது: இந்த நகரம் உருவானபோது நம்மவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள்?

காலையில் மெர்டேக்கா சதுக்கத்தில் ஒரு நடைச் சுற்றில் சேர்ந்துகொண்டோம். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடல் அது. எதிரே 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதற்குச் சுமார் 40 லட்சம் செங்கற்கள் ஆயின என்றார் வழிகாட்டி. "அவ்வளவு செங்கல்லுக்கு எங்க போனாங்க?" என்று தங்கை கேட்க, அவர் சிரித்துக்கொண்டே, "பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள்" என்றார்.

1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெரும் தீ. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் தாங்கவில்லை. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்றார். செங்கல் சூளைகள் பெருகின. சூளைகள் இருந்த இடத்துக்குச் சூளையின் பெயரே நிலைத்துவிட்டது. வேன் நிற்காமல் கடந்த இடம் அதுதான்.

சுற்று முடிந்ததும் நாங்களாகவே நடந்தோம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் 1909-இல் கட்டப்பட்ட மஸ்ஜிட் ஜாமெக்கைப் பார்த்துவிட்டு லெபோ அம்பாங் போனோம். அவசரமாக நடப்பவர்களுக்கு அது இன்னொரு கடைத்தெரு. ஆனால் செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார்கள் கிட்டங்கி நடத்திய தெரு அது. ஈயத்துக்கும் ரப்பருக்கும் முதலாகப் போன பணத்தில் ஒரு பகுதி இங்கிருந்த கணக்குப் பேரேடுகள் வழியாகத்தான் போனது.

அங்கிருந்து துன் எச்.எஸ்.லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். தைப்பூச இரதம் பத்துமலைக்குப் புறப்படும் கோயில் என்று நாம் எல்லாரும் அறிவோம். 1873-இல் இதை நிறுவிய காயாரோகணம் தம்புசாமி பிள்ளை பற்றி எத்தனை பேர் அறிவோம்? பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர். 1893-இல் தொடங்கப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்க அறங்காவலர்களுள் ஒருவரும் அவரே. கோயிலை மட்டும் காட்டும் சுற்றில் அவர் பள்ளிக்கூடத்துக்கும் துணைநின்றவர் என்பது தெரியாமலே போய்விடும்.

பாசார் செனியிலிருந்து எல்.ஆர்.டி.யில் ஒரே ஒரு நிலையம். கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய இடம் இது. தண்டவாளம் போட்டவர்கள் ஒருபுறம். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் மறுபுறம். ஸ்காட் சாலையில் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில், 1904-ஆம் ஆண்டுக் கட்டடமான விவேகானந்தா ஆசிரமம், சிங்களவர்கள் 1894-இல் நிறுவிய பௌத்த மகா விகாரை எல்லாம் ஒரே காலை நடையில் அடங்கும். தோரண வாயில் 2015-இல் வந்தது. லிட்டில் இந்தியா என்ற அலங்காரம் 2010-இல் வந்தது. இவற்றுக்கு முன்னால் நின்றுதான் பெரும்பாலோர் படம் எடுக்கிறார்கள். நூறாண்டுக்கும் மேல் பழமையான கட்டடங்கள் இரண்டு தெரு தள்ளி அமைதியாக நிற்கின்றன.

முதன்மைச் சாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் தங்கை நின்றுவிட்டாள். ஜாலான் துன் சம்பந்தன். "அக்கா, இவரு எங்க ஊருக்காரரு!"

ஆம். துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் பிறந்தது சுங்கை சிப்புட்டில். ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவர். சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், அவர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். தன் ஊரில் பிறந்தவரின் பெயரைத் தலைநகரின் சாலையில் படித்த அந்த நிமிடத்தில்தான் அவளுடைய இடுபணி தொடங்கியது. முந்தைய வாரம் இதே பெயர்ப்பலகையை வேன் கண்ணாடி வழியாகக் கடந்திருக்கிறோம். இருவருமே படிக்கவில்லை.

அன்றைய மொத்தச் செலவு இரயில் கட்டணம், வாழை இலைச் சோறு, இரண்டு இளநீர். அவ்வளவுதான்.

கிள்ளானையும் விடாதீர்கள்

தலைநகரை முடித்தவர்கள் அடுத்ததாக கே.டி.எம். கொமுட்டரில் கிள்ளானுக்குப் போகலாம். அரச நகரான கிள்ளானில் வார இறுதிக் காலையில் கட்டணமில்லாத மரபு நடைச் சுற்று நடத்தப்பட்டு வந்துள்ளது. 1909-இல் கட்டப்பட்ட சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம் அதன் தொடக்க இடம். தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்க மட்டும் போகிறவர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருப்பதை இந்த நடையில் கவனிக்கலாம். இதற்கும் புறப்படும் முன் நாள், நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மழை நாளாக இருந்தால் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு இன்று வாசலிலேயே எம்.ஆர்.டி. நிலையம். பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் வழிகாட்டும் சுற்றுகள் அங்கு உண்டு. பத்துமலைக்குக் கட்டணச் சுற்று தேவையே இல்லை. கொமுட்டர் இரயில் அடிவாரத்துக்கே போகிறது. 272 படிகளை ஏறும் வேலை மட்டும் நம்முடையது.

புறப்படும் முன் ஒரு பட்டியல்

• உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை தராத சுற்று மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

• கட்டணத்தில் நுழைவுச்சீட்டும் உணவும் சேர்ந்ததா, குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும், மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

• நடைச் சுற்றுக்குக் காலை நேரமே நல்லது. மதியத்துக்குப் பிறகு நம் ஊர் மழையை நம்ப முடியாது. தண்ணீர், குடை, வசதியான காலணி கட்டாயம்.

• வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற உடை அணியுங்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

• பள்ளிக் கழகமோ கல்லூரி இந்தியர் சங்கமோ இருபது பேராகச் சேர்ந்தால் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரையே தனியாக அமர்த்தலாம். தலைக்குச் செலவு குறையும். தமிழில் விளக்கக்கூடியவர் வேண்டும் என்றும் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டால் அப்படி ஒரு தேவை இருப்பது எவருக்கும் தெரியாது.

• வழிகாட்டி சொன்னதை அப்படியே இடுபணியில் எழுதிவிடாதீர்கள். ஆண்டையும் பெயரையும் நூலகத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

செராசுக்கு யார் வழிகாட்டி?

பெரும்பாலான சுற்றுகளின் வரைபடத்தில் நம் செராஸ் இல்லை. தாமான் கொனாட் புதன்கிழமை இரவுச் சந்தையைத் தவிர இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அப்படியா? பத்து செம்பிலான் என்ற பெயரில் உள்ள ஒன்பது, நகரிலிருந்து எண்ணிய மைல்கல். அந்த மைல்கல் காலத்தில் இங்கே ஈய லம்பமும் ரப்பர் மரமும்தான். தோட்டத்திலிருந்து புறம்போக்கு வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தக் கதை எந்தப் பேருந்தின் ஒலிப்பதிவிலும் இல்லை. அது நம் பாட்டிகளிடம் இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு யாரிடமும் இருக்காது.

இந்த விடுமுறையில் ஒரு நாள் நகருக்குப் போங்கள். நல்ல வழிகாட்டி எப்படிக் கேட்கிறார், எப்படி நிறுத்திக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். மறுநாள் அதே போல் உங்கள் தாமானில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். இம்முறை கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.